விளக்கத் தொட்டியாம்மா?

1

"விளக்கு அணையாம இருந்திருந்தா என்னம்மா ஆயிருக்கும்?"

ஆடிப்பெருக்கு முடிந்து ஊரிலிருந்து திரும்பி வரும்போது, விமானத்தில், என் மகள் ஆதிரை கேட்ட கேள்வி இது. "ஜூஸ் குடிக்கிறியா?" என்று கேட்டேன். தலையாட்டினாள். குடித்து முடித்ததும் சன்னலோரம் சாய்ந்து தூங்கிவிட்டாள். இப்போது இங்கே மரங்களில் இலை இல்லை, காலை எட்டு மணிக்கும் தெருவிளக்குகள் எரிகின்றன. அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அது உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் நான் ஒரு வீடியோ கேமைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊரில் இருப்பவர்கள் சிரிக்கலாம். பிள்ளை பெற்றவள், இன்ஜினியரிங் படித்தவள், வெளிநாட்டில் வேலை பார்க்கிறவள், காலையில் உட்கார்ந்து கேம் விளையாடுகிறாளா என்று. என் அண்ணியே கேட்டார். "எங்க வீட்டுப் பயகிட்டேருந்து போனப் பிடுங்குறதுக்குள்ள எனக்கு உயிர் போவுது. நீ என்னடான்னா சம்பாதிச்சு விளையாடுற" என்றார். எனக்கும் சிரிப்புதான் வந்தது, அப்போது.

2

நாங்கள் நெதர்லாந்தில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறோம். என் கணவர் செந்தில் ஒரத்தநாட்டுக்காரர். நான் பிறந்தது திருவையாற்றுக்குக் கிழக்கே, காவிரிக் கரையில். இரண்டு பேருக்கும் கணினி வேலை. ஒரே பெண், ஆறு வயது ஆகப்போகிறது.

அந்த கேம் எங்களுக்கு வந்ததே தற்செயல். செந்திலோடு வேலை பார்த்த ஒருவர் நாடு மாறிப் போகும்போது, வீட்டுச் சாமானோடு கேம் பெட்டியையும் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஒரே ஒரு கேம் இருந்தது. கடல் கொண்டுபோன ஒரு நகரம். அதற்குள் இறங்கித் தேடுகிற ஒரு பெண். ஒவ்வொரு இடத்திலும் தண்ணீர் ஆரம்பிக்கும் ஓரத்தில் ஒரு கல் விளக்கு நிற்கும். அதைத் தொட்டால் எரியத் தொடங்கும். அதன்பிறகு நீருக்குள் இறங்கலாம். உள்ளே மூச்சு தீர்ந்தாலும் சரி, இருட்டில் இருந்து ஏதாவது பிடித்து இழுத்தாலும் சரி, செத்தால் அந்த விளக்கின் பக்கத்தில் கண் விழிப்பாள். தொடாமல் இறங்கினால் எங்கேயோ வெகு தூரத்தில், பழைய விளக்கடியில் எழுந்து எல்லாவற்றையும் மறுபடி கடந்து வர வேண்டும்.

மிகக் கடினமான கேம். நடுவில் நிறுத்திவைக்கவும் முடியாது. பால் பொங்குகிறது, பிள்ளை கூப்பிடுகிறாள் என்றெல்லாம் சொன்னால் அது கேட்காது. நான் விளையாடியது காலையில் குக்கரை ஏற்றிவிட்டு, ஆவி அடங்கும் வரைக்கும். அந்த நேரத்துக்குள் ஒரு முறை இறங்கலாம், பெரும்பாலும் ஒரு முறை சாகலாம். பிள்ளைக்குக் காய்ச்சல், அலுவலகத்தில் கெடு, நகராட்சியில் ஏதாவது தாள் கேட்டு அலைச்சல் என்று ஒரு வாரம் விட்டுவிட்டால், திரும்பி வரும்போது விரல்கள் எல்லாவற்றையும் மறந்திருக்கும். பழகியதையே மறுபடி பழக வேண்டும். முழு நாளும் கையில் உள்ள இளைஞர்கள் இரண்டு வாரத்தில் முடிப்பதை நான் இரண்டு குளிர்காலமாக இழுத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று செந்தில் கேட்டார். இந்த வீட்டில் எதுவுமே முடிவதில்லை என்று நினைக்கிறேன். துவைத்தது மறுநாள் அழுக்குக் கூடையில் கிடக்கும். ஆக்கியது இரவுக்குள் தீர்ந்திருக்கும். ஒரு விண்ணப்பம் முடிந்தால் அடுத்தது வந்திருக்கும். ஒன்றையாவது முடித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டேன். அதில் தப்பு இருந்ததா என்று இப்போது யோசிக்கிறேன்.

ஆதிரை சீக்கிரம் எழுந்துவிடுவாள். பால் கோப்பையோடு வந்து என் பக்கத்தில், முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொள்வாள். அவளுடைய நாள் முழுக்க டச்சு மொழியில் ஓடுகிறது. பள்ளியில் டச்சு, தோழிகளோடு டச்சு, பொம்மையைத் திட்டுவதும் டச்சில்தான். நான் தமிழில் கேட்டால் ஒரு சொல்லில் பதில் வரும். ஆனால் அந்த கேமின் முன்னால் மட்டும் அவளுக்குத் தமிழ் வந்தது. நான் விளையாடும்போது எனக்கு நானே தமிழில் பேசிக்கொள்வதைக் கேட்டுப் பழகியிருந்தாள்.

"இந்தப் பக்கம் போகாதம்மா. போன தடவை இங்கதான செத்த?"

"சரிடா, சுத்தித்தான் போறேன்."

"விளக்கத் தொட்டியாம்மா?"

நான் இறங்கப் போகும் ஒவ்வொரு முறையும் அவள் இதைக் கேட்பாள். தொட்டுவிட்டேன் என்றால் நிம்மதியாகப் பால் குடிப்பாள். அதன்பிறகு நான் எப்படி மூழ்கினாலும் அவள் முகம் மாறாது. அவளைத் தமிழ் பேசவைக்க ஒரு வழி கிடைத்தது என்று நான் மகிழ்ந்தேன். அதனால் அவளை எழுந்து போகச் சொல்லவில்லை.

ஒரு நாள் அவளே ஊருக்கு வீடியோ அழைப்பு போட்டுவிட்டாள். என் அப்பா எடுத்தார். "அம்மா எங்கடா தங்கம்?"

"அம்மா செத்துட்டா. இப்ப வந்துடுவா, இரு."

அப்பா போனை என் அம்மாவிடம் கொடுத்துவிட்டார். பிறகு அம்மாவின் குரல் வந்தது. "ஏண்டி, காலங்காத்தால புள்ள வாயில என்ன வார்த்தை வருது? என்னதான் சொல்லிக் குடுத்து வளக்குற அவளை?" நான் ஓடி வந்து போனை வாங்கி, விளையாட்டும்மா என்று சமாளித்தேன். ஆதிரைக்கு எதற்காகத் திட்டு விழுந்தது என்றே புரியவில்லை. அவள் தகவல்தான் சொன்னாள்.

3

பள்ளிக் குழந்தைகளுக்கு இங்கே அரசாங்கத்துச் செவிலியர் ஒருவர் உடல் பரிசோதனை செய்வார். எடை, உயரம், கண் பார்வை பார்த்த பிறகு கேள்விகள் தொடங்கும். எத்தனை மணிக்குத் தூங்குகிறாள், வீட்டில் எந்த மொழி, திரை பார்க்கும் நேரம் எவ்வளவு. திரையைப் பற்றிக் கேட்டபோது நான் கொஞ்சம் குறைத்துச் சொன்னேன்.

"பயங்கள் ஏதாவது உண்டா? இருட்டு, நாய், தண்ணீர்?"

"இல்லை" என்றேன்.

"எதுவுமே இல்லையா? மிக நன்று" என்று தட்டச்சு செய்துகொண்டார்.

சைக்கிளில் திரும்பி வரும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. நான் பயத்திலேயே வளர்ந்தவள். எங்கள் ஊரில் ஆறு என்பது திறந்துவிட்டால் வருவது. வருவதற்கு முன்னால் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வருவார்கள். ஆற்றில் தண்ணீர் வருகிறது, பிள்ளைகளை இறங்க விடாதீர்கள் என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். அந்தக் குரல் கேட்டால் அம்மா எங்களை எண்ணிப் பார்த்துக் கதவைச் சாத்துவாள். ஆறு ஓடிய மாதங்களில் எங்களை இறங்க விடவில்லை. இறங்க விட்ட மாதங்களில் ஆறு இல்லை, வெறும் மணல்தான் கிடந்தது. அதனால் காவிரிக் கரையில் பிறந்த எனக்கு நீச்சல் தெரியாது. என் பெண்ணுக்காவது அந்தப் பயம் இல்லையே என்று அன்று நினைத்தேன்.

4

இந்த முறை இங்குள்ள பள்ளியின் கோடை விடுமுறையும் ஆடிப்பெருக்கும் ஒத்து வந்தன. தண்ணீரும் வந்திருந்தது. அண்ணன் குறுவை வயலில் களை எடுக்க ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தான். ஆனாலும் எங்களைப் படித்துறைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் போனான். போகும்முன் ஒன்று சொன்னான்.

"ஈரம் தெரியுது பாரு, அந்தப் படி வரைக்கும் நின்னுக்குங்க. அதுக்குக் கீழ ரெண்டு படி இருக்கு, அதுக்கப்பறம் மண்ணு எடுத்த பள்ளம். யானையே நின்னாலும் தெரியாது."

படித்துறை நிறையப் பெண்கள். வாழையிலையில் மஞ்சள் பிள்ளையார், காப்பரிசி, காதோலை கருகமணி. ஆதிரைக்குப் பச்சைப் பட்டுப்பாவாடை. அது தடுக்கும் என்று அண்ணி இடுப்பில் ஒரு மடிப்பு மடித்துச் செருகிவிட்டார். அம்மா இலையின் முன்னால் அகல் விளக்கை வைத்து ஏற்றினாள். காற்றில் ஆடி, நின்று எரிந்தது.

"வாடா தங்கம். விளக்கத் தொட்டுக் கும்புடு."

ஆதிரை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. ஊருக்கு வந்து இரண்டு வாரமாக எதைச் சொன்னாலும் புரியாதவள்போல் விழித்துக்கொண்டிருந்தவள், இதை மட்டும் யாரும் விளக்காமலே புரிந்துகொண்டாள். தண்ணீர் ஓரம், கல் படி, விளக்கு. குனிந்து அகலின் விளிம்பைத் தொட்டாள். எவ்வளவு அழகாகச் செய்கிறாள் என்று நான் படம் எடுத்தேன். அந்தப் படம் இன்னும் போனில் இருக்கிறது. இப்போது பார்த்தால் அவள் கண் விளக்கில் இல்லை, ஆற்றில் இருக்கிறது.

அண்ணி எனக்கு மஞ்சள் கயிறு கட்ட வந்தார். நான் தலையைக் குனிந்தேன். முடிச்சுப் போடும் நேரம்தான். நிமிர்ந்தபோது ஆதிரை பக்கத்தில் இல்லை.

ஈரப் படியைத் தாண்டி அவள் இறங்கியிருந்தாள். இடுப்பளவு தண்ணீர். பட்டுப்பாவாடை குடைபோல் விரிந்து அவளைச் சுற்றி மிதந்தது. அங்கும் இங்கும் பார்க்காமல், அடுத்த படியைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். விளையாடுகிற பிள்ளை தண்ணீரை அடிக்கும், சிரிக்கும். அவள் வேலையாகப் போகிறவளைப்போல் இறங்கினாள்.

"ஆதிரை, மேல வா."

திரும்பினாள். "தொட்டுட்டேன்மா" என்றாள், எனக்குத் தெரியாமல் போய்விட்டதோ என்பதுபோல். மறுபடி ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்கும் அவளுக்கும் நடுவில் வழுக்கும் படிகள், குனிந்து பூஜை செய்யும் பெண்கள், இலைகள். நான் பாய்ந்தால் அவள் துரத்துகிறேன் என்று நினைத்து இன்னொரு அடி வைப்பாள். கத்தினால் அதற்கும் தொட்டுட்டேன் என்பாள். என் காலடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"விளக்கு அணைஞ்சிடுச்சுடா" என்றேன்.

அவள் நின்றாள். சரிபார்க்கத் திரும்பினாள். அவள் கண் வந்து சேர்வதற்குள் நான் உள்ளங்கையை அகலின்மேல் வைத்து அழுத்தினேன். திரியிலிருந்து புகை எழுந்தது. அவள் உதட்டைச் சுழித்துக்கொண்டாள். நான் தொடாமல் இறங்கிச் செத்துப்போகும்போது சுழிப்பாளே, அதே சுழிப்பு. பிறகு பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். கைக்கு எட்டியதும் மணிக்கட்டைப் பிடித்தேன்.

அம்மா பார்த்தது இதை எல்லாம் அல்ல. நல்ல நாளில், ஆற்றங்கரையில், ஏற்றிவைத்த விளக்கை நான் கையால் அடித்து அணைத்ததை மட்டும் பார்த்தாள்.

"என்னடி பண்ணுன?" என்றாள் அம்மா. "கட்டுன கயிறு கூட இன்னும் காயலயேடி. என்னடி பண்ணுன நீ?"

"காத்துல அணைஞ்சிடுச்சு அத்தே. மறுபடி ஏத்திக்கலாம்" என்று அண்ணி நடுவில் வந்தார். தீப்பெட்டியை எடுத்து ஏற்றியும் விட்டார்.

ஏற்றியதும், ஆதிரை நான் பிடித்திராத கையை விளக்கை நோக்கி நீட்டினாள்.

நான் அவளை வாரித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டேன். வழியெல்லாம் அழுதாள். பயந்து அழவில்லை. "நான் இன்னும் போகவே இல்லம்மா, போகவே இல்ல" என்று அழுதாள்.

5

எங்களோடு ஊருக்கு வராத செந்திலிடம் இதைச் சொன்னபோது அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சின்னப் புள்ளைங்க தண்ணியக் கண்டா இறங்கத்தான் செய்யும். நானும் இறங்குனவன்தான். நீயா கேமோட முடிச்சுப் போடுற சுதா" என்றார். இருக்கலாம். பாட்டி தொடச் சொன்னதால் தொட்டாள், தண்ணீர் பிடித்ததால் இறங்கினாள், தொட்டுட்டேன் என்றது சும்மா சொன்னது. இப்படிப் பிரித்துப் பிரித்து எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் விளக்கு அணைந்தது என்றதும் திரும்பி வந்தாளே, அதற்கு என்ன சொல்வது?

அம்மா வாரம் தவறாமல் அழைக்கிறாள். பேச்சுக்கு நடுவே, "புள்ள நல்லாருக்காளா? வெளில அனுப்புறப்ப பாத்து அனுப்பு" என்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் விளக்குப் போடுகிறாளாம். நான் ஏன் அணைத்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வேறொரு பயம் தொற்றிக்கொள்ளும். விளக்கு அணைந்துவிட்டதே என்று அம்மா அங்கே பயப்படுகிறாள். விளக்குகள் எரிகின்றனவே என்று நான் இங்கே பயப்படுகிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு ஒரு கால்வாய் ஓரமாகத்தான் போக வேண்டும். இந்த நாட்டில் எங்கும் அப்படித்தான். கைப்பிடிச் சுவர் கிடையாது. கருங்கல் விளிம்பு, அதற்குக் கீழே கறுப்புத் தண்ணீர். விளிம்பை ஒட்டி வரிசையாக விளக்குக் கம்பங்கள். ஊரிலிருந்து திரும்பிய பிறகு ஆதிரை அவற்றைத் தொட ஆரம்பித்திருக்கிறாள். ஒவ்வொன்றையும். ஓடிப்போய்த் தொட்டுச் சிரிப்பதில்லை. வெளியே கிளம்பும்முன் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்ப்போமே, அப்படித் தொடுகிறாள். நேரமாகிறது என்று இழுத்தால் திரும்பி நடந்து, விட்டுப்போன கம்பத்தைத் தொட்டுவிட்டு வருகிறாள். போன வாரம் ஒரு கம்பத்தில் பல்பு எரியவில்லை. அந்த இடத்தில் மட்டும் கால்வாயை விட்டு விலகி, சுவரோரமாக நடந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடந்ததும் விட்டுவிட்டாள்.

நீச்சல் வகுப்பில் இடமும் இப்போதுதான் கிடைத்திருக்கிறது. பதிவு செய்து ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தோம். பெற்றோர் கண்ணாடிச் சுவருக்கு வெளியே உட்கார வேண்டும். உள்ளே நடப்பது தெரியும், சத்தம் கேட்காது. மற்றப் பிள்ளைகள் விளிம்பில் நின்று அழுகிறார்கள், ஆசிரியையின் கையை விட மறுக்கிறார்கள். ஆதிரை குதிப்பதற்கு முன் ஒரே ஒரு முறை, வாசலுக்கு மேலே எரியும் பச்சை விளக்கைத் திரும்பிப் பார்க்கிறாள். குதிக்கிறாள். மற்றவர்களைவிடச் சற்று அதிக நேரம் அடியில் இருக்கிறாள். நான் கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறேன். பிறகு மேலே வருகிறாள்.

"இவளுக்குப் பயமே இல்லை. உங்களுக்கு அதிர்ஷ்டம்" என்றார் ஆசிரியை. நன்றி என்றேன். டச்சில் எனக்கு உடனே வருகிற சொல் அது ஒன்றுதான்.

அடுத்த கட்டத்தில் சட்டை, கால்சட்டை, செருப்பு எல்லாம் போட்டுக்கொண்டு குதிக்க வைப்பார்களாம். தவறி விழுந்தால் எப்படி இருக்கும் என்று பழகுவதற்கு.

6

கேம் பெட்டியைத் துணி அலமாரியின் மேலே தூக்கி வைத்துவிட்டேன். ஒரே ஓர் இறக்கம்தான் பாக்கி. அந்தக் கடைசி இடத்தில் விளக்கே கிடையாது என்று விளையாடி முடித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அங்கே செத்தால் சேர்த்தது எல்லாம் அழிந்துவிடும்.

"முடிச்சிடு. அவளப் பக்கத்துல வச்சுக்கிட்டே முடி. அங்க செத்தா எதுவும் திரும்பி வராதுன்னு அவ பாக்கட்டும்" என்கிறார் செந்தில்.

"எல்லாம் அழிஞ்ச பெறகு என்ன வரும்ங்க?"

"முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

அதைத்தானே அவள் ஏற்கெனவே நம்புகிறாள்.

நேரடியாகக் கேட்டுவிடலாம். தண்ணீரில் மூழ்கினால் விளக்கடியில் எழுந்துவிடுவோம் என்று நினைக்கிறாயா என்று. ஒருவேளை அவள் அப்படி நினைக்காமல் இருந்தால், நானே அந்த எண்ணத்தை அவளுக்குக் கொடுத்தவள் ஆகிவிடுவேன். உண்மையைச் சொல்லலாம். அன்று விளக்கு அணையவில்லை, அம்மாதான் அணைத்தேன், விளக்குக்கும் தண்ணீருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று. வாய் வரைக்கும் வருகிறது. ஆனால் அன்று வா என்று நான் கூப்பிட்டதற்கு அவள் வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கு வரவில்லை. அந்த ஒரு பொய்க்குத்தான் வந்தாள். அதையும் எடுத்துவிட்டால், இன்னொரு தரம் அவள் தண்ணீருக்குள் நடக்கும்போது திருப்பிக் கூப்பிட என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

இன்று காலை பள்ளிக்குப் போகும்போது கால்வாயின்மேல் பனி படர்ந்திருந்தது. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஆதிரை முதல் கம்பத்தைத் தொட்டாள். நகராமல் நின்று என்னைப் பார்த்தாள்.

"நீ தொடவே மாட்டேங்குறம்மா" என்றாள். அவள் முகத்தில் கவலை இருந்தது. என் கவலை அல்ல அது. எனக்காகப் பட்ட கவலை. என் கையுறையைக் கழற்றினாள். அகல் சுட்ட தழும்பு உள்ள என் உள்ளங்கையை எடுத்துக் கம்பத்தின்மேல் வைத்தாள். இரும்பு சில்லென்று இருந்தது.

நான் கையை எடுக்கவில்லை. அவள் திருப்தியோடு முன்னால் நடந்தாள்.

நான் தொட்டது தப்பா? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். கால்வாய் ஓரம் நெடுக விளக்குக் கம்பங்கள், நாளைக்கும் அந்த வழியாகத்தான் போக வேண்டும்.